காங்கிரஸின் அச்சகம்: கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசு வெளியீட்டு அலுவலகத்தைச் சுருக்கமாக ஜிபிஓ என்பார்கள். அது அதிபரின் கீழ் இல்லை, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழ் இருக்கிறது. இரு அவைகளின் தினசரி நடவடிக்கைப் பதிவு, மசோதாக்கள், சட்டங்கள், நிர்வாகத்தின் அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டர், பாஸ்போர்ட் புத்தகம் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் அதன் தலைவரை நியமிப்பவர் அதிபர், ஒப்புதல் தருவது செனட். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நிர்வாகத் துறைகள். சொந்தக்காரர் ஒருவர், தலைவரை நியமிப்பவர் இன்னொருவர், பணம் தருபவர் மூன்றாமவர் என்று இருக்கும் அமைப்பில் குழப்பம் வராவிட்டால்தான் ஆச்சரியம். இதுவரை நடந்த தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: கண்காணிப்பதையும் நடத்துவதையும் ஒன்றாக எண்ணிக்கொண்டது.

ஜிபிஓ ஏன் பிறந்தது என்று தெரியாமல் அதைச் சீர்திருத்தக் கிளம்புவது முதல் தவறு. 1819 முதல் ஒவ்வோர் அவையும் தனக்கான அச்சாளரைத் தானே தேர்ந்தெடுத்தது. தேர்வானவர்கள் பெரும்பாலும் கட்சிப் பத்திரிகைகளின் உரிமையாளர்கள். அச்சுக்கூலி சட்டத்திலேயே நிர்ணயமாகியிருந்ததால் லாபம் கொழித்தது. 1846இல் அதை மாற்றி, குறைந்த விலை கேட்பவருக்கே வேலை என்றார்கள். அடிமாட்டு விலைக்கு எடுத்தவர்களால் சொன்ன நேரத்தில் கொடுக்க முடியவில்லை, தரமும் சரிந்தது. 1852இல் மறுபடி பழைய முறைக்கே திரும்பினார்கள். 1860 விசாரணையில் கார்னீலியஸ் வெண்டல் என்ற அச்சக உரிமையாளர், அரசு அச்சு வேலையில் கிடைத்த பணம் கட்சிப் பத்திரிகைகளுக்குப் போனதைச் சாட்சியமாகவே சொன்னார். அதே ஆண்டு ஜூனில் காங்கிரஸ் சொந்த அச்சகம் வைத்துக்கொள்ளத் தீர்மானித்தது. 1,35,000 டாலருக்கு வாங்கியது யாருடைய அச்சகத்தை என்றால், அதே வெண்டலுடையதை! லிங்கன் பதவியேற்ற 1861 மார்ச் 4 அன்று ஜிபிஓ வேலையைத் தொடங்கியது.

ஆகவே "எல்லாவற்றையும் தனியாருக்குக் கொடுத்துவிடலாமே" என்று இன்று யாராவது கேட்டால், அது ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்ததுதான். போதாததற்கு, நிர்வாகத் துறைகளுக்கான அச்சு வேலையில் பெரும்பகுதியை ஜிபிஓ இன்றும் தனியார் அச்சகங்களிடம்தான் ஒப்பந்தத்தில் கொடுக்கிறது. அந்த வேலைகளில் ஜிபிஓ டெண்டர் விட்டு, தரம் பார்த்து வாங்கித் தரும் ஏஜென்சி. இது தெரியாமல் நடக்கும் தனியார்மய விவாதத்தில் பயன் கொஞ்சமும் இல்லை.

யார் உத்தரவு செல்லும் என்பதைத் தெளிவாக்காமல் விடுவது அடுத்த தவறு. 1906 ஆகஸ்டில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், 300 ஆங்கிலச் சொற்களுக்கு எளிமையாக்கிய எழுத்துக்கூட்டலைப் பின்பற்றும்படி அச்சகத் தலைவருக்கு ஆணையிட்டார். டிசம்பரில் பிரதிநிதிகள் அவை, அகராதியில் ஏற்கப்பட்ட எழுத்துக்கூட்டலையே பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ரூஸ்வெல்ட் பின்வாங்கினார். பத்திரிகைகளுக்கு அது நல்ல வேடிக்கை. ஆனால் அச்சுக் கோக்கிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்: காலையில் ஒரு முதலாளி, மாலையில் இன்னொரு முதலாளி.

குழுவே மேனேஜராக மாறினால்

அச்சுக்கான கூட்டுக் குழு என்று ஒன்று உண்டு. இரு அவைகளிலிருந்தும் தலா ஐந்து பேர், மொத்தம் பத்து உறுப்பினர்கள். அச்சிலும் விநியோகத்திலும் அலட்சியம், தாமதம், விரயம் இருந்தால் சரிசெய்யத் தேவையான "எந்த நடவடிக்கையும்" எடுக்கலாம் என்று சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. 1895, 1919 ஆண்டுச் சட்டங்களின் வழியாக வந்த அந்த வாசகத்தின் வீச்சைக் குழு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் அச்சகத் தலைவர் டான்ஃபோர்ட் சாயர் செலவைக் குறைக்க ஊழியர்களுக்குச் சம்பளமில்லா விடுப்புத் திட்டம் கொண்டுவந்தபோது குழு குறுக்கே நின்றது. அவர் திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். தலைவர் எடுக்க வேண்டிய முடிவைக் குழு எடுக்கத் தொடங்கினால், பிறகு எதற்கும் தலைவரைப் பொறுப்பாக்க முடியாது. தானே எடுத்த முடிவைக் குழு தானே எப்படி விசாரிக்கும்?

இதற்கு அரசியல் சட்டச் சிக்கலும் உண்டு. 1983இல் சத்தா (Chadha) என்பவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் இயற்றும் முழு நடைமுறையில்லாமல் காங்கிரஸ் நிர்வாகத்தின் முடிவுகளை ரத்துசெய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. 1996இல் நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் இன்னும் ஒரு படி மேலே போய், நிர்வாகத் துறைகளின் அச்சு வேலையை ஜிபிஓ கட்டுப்படுத்துவதே அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்று கருத்துச் சொன்னது. 2002இல் அதிபரின் கீழுள்ள பட்ஜெட் அலுவலகம், துறைகள் ஜிபிஓவைத் தாண்டி வேறிடத்தில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று குறிப்பாணை அனுப்பியது. காங்கிரஸ் கொதித்தது. 2003இல் ஜிபிஓவும் பட்ஜெட் அலுவலகமும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து பிரச்சினையைத் தணித்தன. துறைகள் ஜிபிஓவின் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அச்சகங்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் சாரம். நடைமுறைக்கு ஒத்துவரும் தீர்வுதான். ஆனால் சட்டத்தில் பழைய வாசகம் அப்படியே கிடக்கிறது.

இந்தப் பாடத்தைக் கற்ற பிறகு எதிர்த் திசையில் சாய்ந்து, எதையும் தொடாமல் விட்டுவிட்டது அடுத்த கோளாறு. ஜிபிஓவை ஆளும் சட்டப் பகுதி 1968இல் தொகுக்கப்பட்டது. அதன் எலும்புகள் 1895ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தவை. 1998இல் செனட்டர் வெண்டல் ஃபோர்டின் பெயரில் ஒரு சீர்திருத்த மசோதா வந்தது, நிறைவேறவில்லை. 2018இல் பிரதிநிதிகள் அவையில் வந்த மசோதாவுக்கும் அதே கதி. 2017 நவம்பரில் தலைவர் டவீட்டா வான்ஸ்-குக்ஸ் விலகிய பின், 2019 டிசம்பரில் ஹியூ ஹால்பர்ன் உறுதிசெய்யப்படும் வரை இரண்டு ஆண்டுகள் தற்காலிகத் தலைவர்களே இருந்தார்கள். தற்காலிகத் தலைவர் பெரிய முதலீட்டிலோ பெரிய ஆள் நியமனத்திலோ கை வைக்கத் தயங்குவார். காலி நாற்காலியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு நிர்வாகக் குறைகளைப் பட்டியலிடுவதில் அர்த்தமில்லை.

கணக்கைத் தப்பாகப் படிப்பது

என் பார்வையில் அதிகம் பேர் விழும் குழி இதுதான். ஜிபிஓவுக்குக் காங்கிரஸ் தரும் மானியம் அதன் மொத்த வருமானத்தில் சிறு பங்கு. மற்றதெல்லாம் சுழல் நிதி வழியாக ஓடுகிறது: துறைகள் செய்யச் சொன்ன வேலைக்குப் பணம் கட்டும், அந்தப் பணத்தில் அடுத்த வேலை நடக்கும். சட்டப்படி அடக்க விலைக்கே செய்ய வேண்டும். இயந்திரம், கட்டடம், மேற்செலவு எல்லாம் அந்த அடக்க விலைக்குள் வரும். அச்சு அளவு குறையக் குறைய அதே மேற்செலவு மீதமிருக்கும் சில வேலைகளின் தலையில் ஏறும். விலை கூடும், வாடிக்கையாளர் இன்னும் விலகுவார். எனவே ஒரு பக்கத்துக்கு எத்தனை சென்ட் என்று தெருவிலுள்ள அச்சகத்தோடு ஒப்பிட்டால் படம் தப்பாகவே விழும். அவை நள்ளிரவு வரை நடந்தாலும் மறுநாள் காலை நடவடிக்கைப் பதிவு மேசைக்கு வர வேண்டும். அதற்காக இரவு ஷிஃப்டில் ஆட்களும் இயந்திரங்களும் தயாராக இருக்க வேண்டும். பதிவு சுருக்கமாக முடிகிற நாளிலும் அந்தச் செலவு உண்டு.

பிரதிகளை நிறுத்தினால் பெருந்தொகை மிச்சமாகும் என்ற கணக்கும் இப்படித்தான். 2011 ஜனவரியில் பிரதிநிதிகள் அவை, உறுப்பினர்களுக்கு மசோதா பிரதிகள் அச்சிட்டுத் தருவதை நிறுத்தும் மசோதாவை நிறைவேற்றியது, ஆனால் அது சட்டமாகவில்லை. உண்மையில் செலவின் பெரும்பகுதி முதல் பிரதி வருவதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது: உள்ளீடு, திருத்தம், பக்க அமைப்பு. இணையத்தில் மட்டும் போட்டாலும் இதெல்லாம் செய்தே ஆக வேண்டும். காகிதத்தின் எடையை வைத்து ஜிபிஓவின் பயனை அளப்பது அந்தக் காலத்துப் பழக்கம். 1994இலிருந்தே அது இணையத்தில் வெளியிடுகிறது. 2014இல் பெயரிலிருந்த "அச்சு" போய் "வெளியீடு" வந்தது. அதன் கவ்இன்ஃபோ தளம் 2018இல் நம்பகமான மின் காப்பகத்துக்கான ஐஎஸ்ஓ 16363 சான்றைப் பெற்றது.

அப்புறம், நூலகங்கள். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைப்பு நூலகங்களுக்கு ஜிபிஓ அரசு வெளியீடுகளை இலவசமாகத் தருகிறது. ஒரு துறை தானே அச்சிட்டாலோ தன் இணையதளத்தில் மட்டும் போட்டாலோ அந்த ஆவணம் இந்த வலைக்குள் வராமல் நழுவிவிடும். "தப்பியோடிய ஆவணங்கள்" என்றே நூலகர்கள் அவற்றைச் சொல்கிறார்கள். துறைக்குச் சில டாலர் மிச்சம், பத்து வருடம் கழித்து அந்த அறிக்கை எங்கே என்று தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. விசாரணைக் கூட்டங்களில் அச்சு விலைக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்கலாம்.

கடைசியாக, உள்ளேயிருந்தே முறைகேட்டையும் விரயத்தையும் ஆராயும் தலைமை ஆய்வாளர். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜிபிஓவுக்கு ஒருவர் உண்டு. அவரை நியமிப்பவர் ஜிபிஓவின் தலைவர்தான். இதை வைத்து அவரது அறிக்கைகளை ஒதுக்கிவிடுவதும் தவறு, அவர் இருக்கிறார் என்று காங்கிரஸ் தூங்கிவிடுவதும் தவறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் அறிக்கை வருகிறது. அதில் புதிய குற்றச்சாட்டுகளைத் தேடுவதற்கு முன், பழைய பரிந்துரைகளில் எவை இன்னும் முடியாமல் கிடக்கின்றன என்ற பட்டியலைத் திறந்து பார்ப்பது நல்லது.