நீல அச்சும் ஐதரசன் பரவொட்சைட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்பு உப்புகள் பூசிய தாளில் இலை போன்றதொன்றை வைத்து, வெயில் காட்டிக் கழுவி எடுக்கும் படம்தான் நீல அச்சு. அப்படிக் கழுவிய தாளை ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலில் அமிழ்த்தினால், சில விநாடிகளில் கடும் நீலம் எழும்பி வரும். அதைப் பார்க்கிறவர்கள் அந்தத் திரவம்தான் படத்தைத் தந்தது என்று நம்பிவிடுகிறார்கள். முதல் பிழை அதுதான்.

1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த, சயனோரைப் எனப்படும் இந்த நீல அச்சு முறையில் நீலத்தைத் தருவது வெயில். பரவொட்சைட்டு அதை அவசரப்படுத்தும், அவ்வளவே. சும்மா கொடியில் காயவிட்டாலும் மறுநாள் அதே நீலம் வரும். வெயில் போதாத ஒரு பாலை இலைப் படத்தை நான் கால் மணி நேரம் ஊறவைத்துப் பார்த்தேன்; பின்னணி வெளிறியபடியே கிடந்தது. பூச்சு நீலமாகி, அதன்மேல் சாம்பல் நிறம் படரும்வரை வெயிலில் வைக்க வேண்டும்.

பாமசியில் கிடைக்கும் 3 வீதக் கரைசலே போதும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. 30 வீதம் தோலைச் சுட்டுவிடும். பாவித்ததைத் திரும்பப் போத்தலில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள இரும்பு பரவொட்சைட்டை உடைத்து ஒட்சிசனை வெளிவிடும். இறுக மூடிய போத்தல் வெடிக்கலாம்.

வன்னியில் பலரைக் கவிழ்ப்பது தண்ணீர்தான். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அந்தக் கிணற்றுத் தண்ணீரின் காரம் நீலத்தையும் மெல்ல மெல்லத் தின்னும். முதல் கழுவலில் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளி விடுங்கள். மாரியில் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. வெயில் படாத பூச்சின் மஞ்சள் முழுதும் கழுவுப்பட்டுப் போன பிறகே பரவொட்சைட்டு. தங்கிவிட்ட மஞ்சள் பிறகு வெளிச்சம் பட்டு நீலக் கறையாகும். துணியில் அச்சிட்டால் சவர்க்காரத் தூள் போட்டுத் தோய்க்கவே கூடாது.

பூச்சுக்கு வேண்டிய இரண்டு உப்புகளில் ஒன்று பொற்றாசியம் பெரிசயனைட்டு. என் அம்மா போத்தலில் அந்தப் பெயரை வாசித்ததும் ஒன்றும் பேசாமல் அதைக் குசினித் தட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்தா. எங்கள் மண்ணில் சயனைட்டு என்ற சொல்லுக்கு நெஞ்சு திடுக்கிடாதவர்கள் குறைவு. இது அந்தச் சயனைட்டு அல்ல. இதில் அது இரும்போடு இறுகக் கட்டுண்டிருக்கிறது. ஆனாலும் அம்மா செய்தது சரி. பற்றரி அசிட்டோ கழிவறை கழுவும் அசிட்டோ பட்டால் நச்சு வாயு கிளம்பும். கழுவிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றினால், வெயில் அந்தக் கட்டை அவிழ்க்கும். மீன்களுக்கு அது நஞ்சு. தேவையான அளவு மட்டும் கரையுங்கள். மிஞ்சியதைப் பழைய தாளில் பூசி, வெயிலில் நீலமாக்கிக் குப்பையில் சேருங்கள். அந்தக் குப்பையைக் கொளுத்த வேண்டாம்.