கோர்ட் சர்க்குலர் ‘நீதிமன்றச் சுற்றறிக்கை’ அல்ல: பிரிட்டிஷ் அரச குடும்பச் செய்தியைத் தமிழில் எழுத

லண்டனிலிருந்து வரும் அரச குடும்பச் செய்தி தமிழில் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் சறுக்கும்: ஆளின் பட்டம், அந்தப் பட்டம் வந்த வழி, அவர் செய்த வேலைக்கு நாம் போடும் வினைச்சொல். மூன்றில் ஒன்று பிசகினாலும், அதிகாரமே இல்லாத இடத்தில் அதிகாரம் இருப்பதாக வாசகர் எண்ணிக்கொள்வார்.

நாட்டின் பெயரிலிருந்து தொடங்குங்கள். ‘இங்கிலாந்து மன்னர்’ என்று ஒருவர் 1707-க்குப் பிறகு இல்லை. அந்த ஆண்டில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே அரசாகிவிட்டன. ‘பிரிட்டன் மன்னர்’ என்றே எழுதுங்கள். ‘இங்கிலாந்து மகாராணி’ பேச்சில் ஊறிப்போன சொல், பேச்சோடு இருக்கட்டும். பிரிட்டனோடு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உட்பட இன்னும் 14 நாடுகளுக்கும் மூன்றாம் சார்லஸ் தனித்தனியாக மன்னர். இலங்கை வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1972 மே 22-இல் குடியரசாகும் வரை இலங்கைக்கும் எலிசபெத்தான் அரசி. இந்தியாவின் கதை வேறு: 1950 ஜனவரி 26-இலேயே குடியரசாகிவிட்டது, எலிசபெத் அரியணை ஏறியது 1952-இல். ஆகவே ‘இந்தியாவின் முன்னாள் ராணி எலிசபெத்’ என்ற தொடர் எங்கே வந்தாலும் அடித்துவிடுங்கள்.

அடுத்தது தேதி. சார்லஸ் மன்னரானது 2022 செப்டம்பர் 8, தாய் இறந்த அந்தக் கணத்தில். 2023 மே 6-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் நடந்தது முடிசூட்டு விழா. ‘2023-இல் மன்னராகப் பதவியேற்றார்’ என்ற வரி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. முடிசூட்டு இல்லாமலே மன்னராக இருக்கலாம் என்பதற்கு எட்டாம் எட்வர்டே சாட்சி: 1936 ஜனவரியில் மன்னரானார், டிசம்பரில் துறந்தார், கிரீடம் தலையில் ஏறவே இல்லை.

பிறப்பா, கல்யாணமா, நியமனமா?

ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. மூன்று வழிகளுக்கும் விதி வேறு.

பிறப்பு வழியை 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் பிறப்பித்த அரச ஆணை தீர்மானிக்கிறது. மன்னரின் பிள்ளைகளும், மன்னரின் மகன் வயிற்றுப் பேரப்பிள்ளைகளும் இளவரசர், இளவரசி. மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. சார்லஸின் தங்கை ஆனின் பிள்ளைகள் பீட்டர் பிலிப்ஸும் ஸாரா டிண்டலும் எலிசபெத்தின் சொந்தப் பேரப்பிள்ளைகள்தான். ஆனாலும் வெறும் திரு, திருமதி. சார்லஸின் தம்பி ஆண்ட்ரூவின் மகள்கள் பியாட்ரிஸும் யூஜினியும் இளவரசிகள். ‘ஸாரா இளவரசி’ என்று எழுதும் பிழை இங்கிருந்துதான் பிறக்கிறது.

கொள்ளுப்பேரன் கதை இன்னும் சிக்கல். வேல்ஸ் இளவரசரின், அதாவது பட்டத்து இளவரசரின், மூத்த மகனுக்கு மூத்த மகன் பிறந்தால் அவனுக்கு மட்டுமே பட்டம் என்றது பழைய ஆணை. சார்லஸின் மூத்த மகன் வில்லியமுக்கு முதலில் பெண் பிறந்திருந்தால் அவள் இளவரசியாக இருந்திருக்க மாட்டாள். 2012 டிசம்பர் 31-இல் எலிசபெத் இன்னோர் ஆணை போட்டு, வில்லியமின் பிள்ளைகள் அனைவருக்கும் அதை விரித்தார். வில்லியமின் தம்பி ஹாரியின் பிள்ளைகளுக்கு விரிக்கவில்லை. எனவே 2019-இல் பிறந்த ஆர்ச்சி அப்போது இளவரசர் இல்லை. தாத்தா மன்னரான அன்று ஆர்ச்சியும் லிலிபெட்டும் மகன் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் என்ற கணக்குக்குள் வந்துவிட்டார்கள். அந்தப் பட்டங்கள் பொதுவில் புழக்கத்துக்கு வந்தது 2023 மார்ச்சில். சார்லஸின் கடைசித் தம்பி எட்வர்டின் பிள்ளைகள் நேர்மாறு: விதிப்படி உரிமை இருந்தும் பெற்றோர் வேண்டாம் என்றார்கள். மகள் லேடி லூயீஸ், மகன் வெசெக்ஸ் ஏர்ல் ஜேம்ஸ்.

கல்யாண வழியில் வருவது கணவனின் பட்டம். நம் ஊரில் ‘வாத்தியார் வீட்டம்மா’ என்பதில் அந்த அம்மாளின் பெயரே இருக்காதே, அதே இலக்கணம். கென்ட் இளவரசர் மைக்கேலின் மனைவி முறைப்படி ‘கென்ட் இளவரசி மைக்கேல்’. அப்படியே தமிழில் போட்டால் அச்சுப்பிழை என்று படிப்பவர் நினைப்பார். ‘இளவரசர் மைக்கேலின் மனைவி’ என்று பிரித்து எழுதுவதே நல்லது. இதே காரணத்தால் கேத்தரின் முறைப்படி ‘இளவரசி கேத்தரின்’ அல்ல, ‘வேல்ஸ் இளவரசி’ அல்லது ‘வேல்ஸ் இளவரசி கேத்தரின்’. ‘வேல்ஸ்’ இல்லாமல் பெயருக்கு முன்னால் ‘இளவரசி’ மட்டும் ஒட்டினால் அவர் பிறப்பால் இளவரசி என்றாகும். டயானாவுக்கும் இதே விதிதான். 1996 விவாகரத்துக்குப் பின் அவர் ‘டயானா, வேல்ஸ் இளவரசி’. உலகமே ‘இளவரசி டயானா’ என்றதால் தலைப்பில் அதை மன்னிக்கலாம், உடற்செய்தியில் வேண்டாம்.

கமிலா விஷயத்தில் தமிழுக்கே ஒரு சங்கடம் உண்டு. ‘ராணி எலிசபெத்’, ‘ராணி கமிலா’: சொல் ஒன்று, பொருள் இரண்டு. முன்னவர் ஆண்ட அரசி, பின்னவர் அரசரின் மனைவி. கோப்பெருந்தேவி என்ற பழைய சொல் இந்த இரண்டாவது பொருளைத் துல்லியமாகச் சொல்லும், செய்தியில்தான் எடுபடாது. முதல் பத்தியில் ஒருமுறை ‘மன்னரின் மனைவி ராணி கமிலா’ என்று எழுதிவிட்டால் போதும். திருப்பிப் போட்டால் கணக்கு ஒத்துவராது, ஆளும் அரசியின் கணவன் அரசனாவதில்லை. எலிசபெத்தின் கணவர் பிலிப் கடைசிவரை எடின்பரோ டியூக்தான். இளவரசர் பட்டமே 1957-இல் தனியாகத்தான் கொடுக்கப்பட்டது.

மூன்றாவது, நியமனம். வேல்ஸ் இளவரசர் என்பது தானாக வருவதல்ல, மன்னர் கொடுப்பது. தந்தை மன்னரானதும் வில்லியமுக்குத் தானாக வந்தது கார்ன்வால் டியூக் பட்டம். வேல்ஸ் இளவரசர் என்று மறுநாள் தந்தை அறிவித்த பிறகே எழுதலாம். ஆனின் ‘பிரின்சஸ் ராயல்’ பட்டம் 1987-இல் கொடுக்கப்பட்டது. மன்னரின் மூத்த மகளுக்குத் தரும் வழக்கம், உரிமை அல்ல. எட்வர்டுக்கு 2023 மார்ச் 10-இல் வந்த எடின்பரோ டியூக் பட்டம் அவர் ஆயுளோடு முடிகிறது, மகனுக்குப் போகாது.

டியூக்கை ‘கோமகன்’ என்பாரும் உண்டு, ‘பிரபு’ என்பாரும் உண்டு. பிரபு வேண்டாம், அது லார்ட் என்பதற்குப் பழகிவிட்டது. கோமகன் என்று தொடங்கினால் கடைசி வரி வரை கோமகன், டியூக் என்றால் கடைசி வரை டியூக். ஒரே செய்தியில் இரண்டும் வந்தால் இரண்டு ஆட்கள் ஆகிவிடுவார்கள்.

கொடுத்ததைத் திரும்ப எடுக்கவும் முடியும். 2025 அக்டோபர் 30 அறிவிப்புக்குப் பின் ஆண்ட்ரூ இளவரசர் அல்ல, ஆண்ட்ரூ மவுண்ட்பேட்டன் விண்ட்சர். பழைய நிகழ்வைச் சொல்லும்போது ‘அப்போது இளவரசராக இருந்த’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாரியை இதோடு குழப்பக் கூடாது. 2020-இல் அவர் விட்டது அரசப் பணியை. பிறப்பால் வந்த இளவரசர் பட்டமும் சசெக்ஸ் டியூக் பட்டமும் அவரிடமே இருக்கின்றன.

வாரிசு வரிசையை எண்ணும் முறை

எண்ணை எங்கிருந்தும் நகலெடுக்காதீர்கள், ஒரு குழந்தை பிறந்தால் கீழே உள்ள அத்தனை பேரும் ஒரு படி இறங்குவார்கள். நீங்களே எண்ணிவிடலாம். ஒரு கிளையை அடிவரை எண்ணி முடித்த பிறகே அடுத்த கிளைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் விதி. வில்லியம், பிறகு ஜார்ஜ், சார்லட், லூயி. அடுத்து ஹாரி, ஆர்ச்சி, லிலிபெட். சார்லஸின் கிளை அத்தோடு முடிய, ஆண்ட்ரூவும் அவர் மகள்களும் பேரப்பிள்ளைகளும். பிறகு எட்வர்ட், ஜேம்ஸ், லூயீஸ். அதற்குப் பிறகுதான் ஆன்.

ஆன் 1950-இல் பிறந்தவர், இரண்டு தம்பிகளுக்கும் மூத்தவர். ஆனாலும் தம்பி ஆண்ட்ரூவின் பேரக்குழந்தைகளுக்கும் பின்னால் நிற்கிறார். ஆணுக்கு முன்னுரிமை தந்த பழைய முறையின் மிச்சம் இது. 2013 சட்டம் அதை நீக்கியது, ஆனால் 2011 அக்டோபர் 28-க்குப் பின் பிறந்தவர்களுக்கு மட்டும். அதனால்தான் 2015-இல் பிறந்த சார்லட் தம்பி லூயிக்கு முன்னால், 2003-இல் பிறந்த லூயீஸ் தம்பி ஜேம்ஸுக்குப் பின்னால். ‘ஆண், பெண் பேதம் ஒழிந்தது’ என்று எழுதுமுன் இந்தத் தேதியைப் பாருங்கள். கத்தோலிக்கரை மணந்தவர் வரிசையில் இருக்கலாம் என்றதும் அதே சட்டம். தானே கத்தோலிக்கராக இருப்பவருக்கு இன்றும் இடமில்லை. பட்டம் பறிபோவதால் மட்டும் வரிசையில் இடம் போகாது, அதற்கு நாடாளுமன்றச் சட்டம் வேண்டும்.

வினைச்சொல்

நாடாளுமன்றத் தொடக்க உரையில் ‘எனது அரசு இதைச் செய்யும்’ என்று மன்னர் வாசிப்பார். எழுதியது அமைச்சரவை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் ஆளுநர் உரை இந்த மரபின் வழியில் வந்ததுதான். எனவே ‘மன்னர் சார்லஸ் வாடகைச் சட்டம் கொண்டுவருகிறார்’ என்பது தவறு. ‘அரசின் திட்டங்களை மன்னர் வாசித்தார்’ சரி. மசோதாவுக்கு ஒப்புதலும் அப்படியே: கடைசியாக மறுக்கப்பட்டது 1708-இல், ஸ்காட்லாந்து ராணுவப் படை மசோதாவுக்கு. ‘மன்னர் ஒப்புதல் தருவாரா?’ என்று தலைப்பு போட்டால் 300 ஆண்டுகளாக இல்லாத பரபரப்பை நாம் உண்டாக்குகிறோம்.

மன்னருக்கு உடல்நலமில்லை என்றதும் ‘பொறுப்பு மன்னர் வில்லியம்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். 2024 பிப்ரவரி 5-இல் சார்லஸின் புற்றுநோய் அறிவிக்கப்பட்டபோதும் அவர் மன்னர் பணியிலேயே இருந்தார். சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. தற்காலிகமாகக் கையெழுத்து வேலைக்கு ஸ்டேட் ஆலோசகர்கள் இருவர் போதும். 2022 சட்டம் ஆனையும் எட்வர்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ரீஜன்சி என்ற முழுப் பிரதிநிதி ஆட்சிக்கு, 1937 சட்டம் சொல்லும் ஐவரில் மூவராவது மன்னரால் இயலவில்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும்: மன்னரின் துணைவர், லார்ட் சான்சலர் (நீதித் துறை அமைச்சர்), மக்களவைச் சபாநாயகர், இங்கிலாந்தின் தலைமை நீதிபதி, மாஸ்டர் ஆஃப் த ரோல்ஸ் (சிவில் வழக்குகளுக்கான மூத்த நீதிபதி). அந்தச் சான்று வராமல் ‘பொறுப்பு’ என்ற சொல்லே வரக் கூடாது.

கோர்ட் சர்க்குலரைப் படிப்பது

யார் எங்கே போனார் என்பதற்கு முதல் ஆதாரம் கோர்ட் சர்க்குலர். பத்திரிகைகள் தப்பும் தவறுமாக எழுதியதால் 1803-இல் மூன்றாம் ஜார்ஜ் தொடங்கிய அன்றாடப் பதிவு. இங்கே ‘கோர்ட்’ என்றால் அரசவை, நீதிமன்றம் அல்ல.

மேலே அரண்மனையின் பெயரும் தேதியும் இருக்கும். ஆன் அங்கே ‘ஆன்’ என்று வரமாட்டார், ‘பிரின்சஸ் ராயல்’ என்றே வருவார். எட்வர்ட் ‘எடின்பரோ டியூக்’. பெயருக்கு அடுத்து நிற்கும் சிறு சொல்லைத் தவறவிடாதீர்கள். ‘புரவலர்’ என்றால் அந்தத் தொண்டு நிறுவனத்தின் கௌரவப் புரவலர், நிர்வாகி அல்ல. ‘கர்னல் இன் சீஃப்’ படைப்பிரிவின் கௌரவப் பொறுப்பு, போர்க்களத் தளபதி அல்ல. வரவேற்ற ‘லார்ட் லெஃப்டினன்ட்’ ராணுவ அதிகாரியும் அல்ல, அந்த மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதி.

2024 ஜூலை 5-இல் கியர் ஸ்டார்மர் பிரதமரானபோது அவர் ‘கைகளை முத்தமிட்டார்’ என்றது அன்றைய பதிவு. படத்தில் தெரிவது கைகுலுக்கல். பதவி ஏற்றுக்கொண்டார் என்பதற்கான பழைய அரசவைத் தொடர் அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நடக்காத ஒன்று நடந்ததாகிவிடும்.

‘அரண்மனை அறிவித்தது’ என்று மட்டும் எழுதாமல், எந்த அரண்மனை என்று சொல்லுங்கள். பக்கிங்ஹாம் என்றால் மன்னரின் அலுவலகம், கென்சிங்டன் என்றால் வில்லியம் தம்பதியின் அலுவலகம்.

பணம், சர், உச்சரிப்பு

மன்னரின் அரசப் பணிக்கு அரசு தரும் மானியம் 2025-26-இல் 132.1 மில்லியன் பவுண்ட், அதாவது 13.21 கோடி பவுண்ட். முன்பு 8.63 கோடியாக இருந்தது. கூடியது சம்பள உயர்வால் அல்ல. முடியாட்சியின் பெயரிலுள்ள நிலம், கட்டடங்கள் அடங்கிய கிரௌன் எஸ்டேட்டின் லாபத்தில் 12 சதவீதம் என்பது கணக்கு, லாபம் ஏறியது, பக்கிங்ஹாம் அரண்மனைச் சீரமைப்பும் இதிலிருந்துதான். கிரௌன் எஸ்டேட் சார்லஸின் சொந்தச் சொத்து அல்ல, லாபம் அரசு கருவூலத்துக்குப் போகிறது. பாதுகாப்புச் செலவு மானியத்தில் அடங்காது. மன்னரின் தனி வருமானம் லங்காஸ்டர் டச்சி என்ற பரம்பரை நிலச்சொத்திலிருந்தும், வில்லியமின் வருமானம் கார்ன்வால் டச்சியிலிருந்தும் வருகிறது.

‘சர்’ முதற்பெயரோடுதான் ஒட்டும். ‘சர் கியர்’ சரி, ‘சர் ஸ்டார்மர்’ தவறு. ‘சர் சி.பி.’ என்று நம்மவர்கள் சொன்னதில் இலக்கணம் சரியாகவே இருந்தது. இந்தியக் குடிமக்களுக்கு இன்று தரப்படுவது கௌரவ விருது. அதைப் பெற்ற ரத்தன் டாட்டாவை ‘சர் ரத்தன் டாட்டா’ என்று எழுதக் கூடாது. (நூறாண்டுக்கு முன் அதே பெயரில் வாழ்ந்த, ஜாம்ஷெட்ஜியின் மகனுக்கு ‘சர்’ உண்டு, ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

உச்சரிப்பில் அதிகம் தவறுவது வில்லியமின் கடைக்குட்டி. ‘லூயிஸ்’ அல்ல, ‘லூயி’. கடைசி எழுத்து ஒலிப்பதில்லை. எட்வர்டின் மகள் ‘லூயீஸ்’. இரண்டும் ஒரே எழுத்தில் வந்தால் வாரிசுப் பட்டியலில் ஒருவர் இரண்டு முறை நிற்பார். ‘எடின்பர்க்’ அல்ல ‘எடின்பரோ’, ‘க்ளூசெஸ்டர்’ அல்ல ‘குளோஸ்டர்’.