மேக்கப் பெட்டியில் ‘ஃப்ளூரோ’ தேடுவது எப்படி

மகளின் சலங்கை பூஜைக்கு மூன்று வாரம் இருந்தபோது மேக்கப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தேன். மொத்தம் 17 சாமான். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். பிஃபாஸ் எனப்படும் அழியா ரசாயனங்களை வேண்டுமென்றே சேர்த்த அழகுசாதனங்களை 2025 ஜனவரி 1 முதல் இங்கே விற்கக் கூடாது. ‘அமாராவின் சட்டம்’ என்கிறார்கள். ஓக்டேல் பக்கம் வளர்ந்த அமாரா ஸ்ட்ராண்ட், கல்லீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே சட்டமன்றத்தில் வந்து இந்த ரசாயனங்களுக்கு எதிராகப் பேசிய பெண். 21 வயது நிறையும் முன்பே, 2023 ஏப்ரலில் போய்விட்டாள். அடுத்த மாதம் சட்டம் கையெழுத்தானது.

ஆனால் சட்டம் கடைக்குத்தான். என் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் அதற்கு முன்பே வாங்கியவை. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில், அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். சின்ன லிப்ஸ்டிக் குழாயில் பொருள்பட்டியல் இருக்காது, அட்டையில்தான் இருக்கும். எறிந்துவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாருங்கள். ஆனால் நீங்கள் வாங்கிய பிறகு கலவையை மாற்றியிருக்கலாம்.

பட்டியலில் எஃப், எல், யூ, ஓ, ஆர், ஓ என்ற ஆறு எழுத்துகள் சேர்ந்து வருகிறதா என்று தேடுங்கள். பெர்ஃப்ளூரோடெகாலின், பெர்ஃப்ளூரோநோனைல் டைமெத்திகோன் எல்லாம் இப்படித்தான் மாட்டும். மாட்டாமல் தப்புவது பி.டி.எஃப்.இ. தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான் சரக்கு, பவுடர் வழுவழுப்பாக இருக்கப் போடுகிறார்கள். அதைத் தனியாகத் தேடுங்கள்.

இரண்டு இடத்தில் ஏமாறாதீர்கள். ஜிகினா மினுக்கும் ஐஷேடோவில் ‘சிந்தெடிக் ஃப்ளூர்ஃப்ளோகோபைட்’ இருக்கும். அது செயற்கை அபிரகம். ஃப்ளூரின் உண்டு, ஆனால் கார்பனோடு பிணைந்த ஃப்ளூரின் இல்லை. பிஃபாஸுக்கு அழியாத் தன்மையைக் கொடுப்பதே அந்தப் பிணைப்புதான். எழுத்தைக் கவனித்தால் ‘ஆர்’க்குப் பிறகு ‘ஓ’ வராது. அப்புறம் பற்பசையில் வரும் மோனோஃப்ளூரோபாஸ்பேட். ஆறு எழுத்தும் இருக்கும், ஆனாலும் பிஃபாஸ் அல்ல. நான் முதல் நாள் பற்பசையைக்கூடக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் எடுத்தேன்.

பட்டியல் சுத்தமாக இருந்தால் போதுமா? போதாது. நோட்ர டேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 ஜூனில் வெளியிட்ட ஆய்வில் 231 அழகுசாதனங்களைச் சோதித்தபோது ஃபவுண்டேஷன், கண் மேக்கப் வகைகளில் 56 சதவீதத்தில், பிஃபாஸ் இருக்கலாம் என்பதற்கு அறிகுறியான ஃப்ளூரின் அதிகமாக இருந்தது. அவற்றில் நுணுக்கமாக ஆராய்ந்த சிலவற்றில் பெரும்பாலானவை பிஃபாஸைப் பட்டியலில் சொல்லவே இல்லை. அதே மாதம் செனட்டர்கள் சூசன் காலின்ஸ், ரிச்சர்ட் ப்ளூமென்தால் இருவரும் அமெரிக்க செனட்டில் நாடு முழுவதற்கும் தடை மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை. மாநிலம் மாநிலமாகத்தான் நடக்கிறது. அதனால் என் வழி இது: ‘வாட்டர்ப்ரூஃப்’, ‘நாள் முழுக்க நிற்கும்’ என்று எழுதிய பழைய சரக்கு என்றால், பட்டியல் எப்படி இருந்தாலும் கண்ணுக்கும் உதட்டுக்கும் வேண்டாம். உதட்டில் பூசுவது வயிற்றுக்குள்ளும் போகிறது.

ஒதுக்கியதைத் தொட்டியில் கழுவி ஊற்றாதீர்கள். சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இது சிதையாது.

எங்கள் வீட்டில் 17இல் 4 போனது. வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவுக்குத்தான் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வர்ணம் முடிவதற்குள் வியர்வையில் மை கொஞ்சம் கரைந்தது. அடுத்த உருப்படிக்கு முன் பஞ்சால் ஒற்றிவிட்டு மறுபடி தீட்டினேன்.