நுவரெலியாக் குளிரில் யோகட் வைத்து உயிரிச் செயல்முறைப் பொறியியலைத் தொடங்குவது எப்படி?

நுண்ணுயிர் போன்ற உயிர்களை வைத்துப் பொருள் தயாரிக்கும் துறைதான் உயிரிச் செயல்முறைப் பொறியியல். இன்சுலின் தயாரிக்கும் எஃகுத் தொட்டியோ வீட்டு யோகட் பானையோ, அடிப்படை ஒன்றுதான். வேண்டாத நுண்ணுயிரை அடக்கி, வேண்டியதை விதைத்து, அதற்குப் பிடித்த சூட்டில் வைத்து, நேரம் பார்த்து நிறுத்த வேண்டும். இதில் சூடுதான் பாதி வேலை என்பது என் எண்ணம். மலையகத்தில் அதை நன்றாகவே படிக்கலாம்.

2 லீட்டர் பசும்பால், 3 மேசைக்கரண்டி யோகட், வெப்பமானி, புளிப்பை அளக்கும் பிஎச் தாள் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்), மூடியுள்ள ரெஜிபோம் பெட்டி இருந்தால் போதும். கடை யோகட்டில் சீனியும் ஜெலட்டினும் இருந்தாலும் பரவாயில்லை. புதிய திகதியாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 1: பாலை 85 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருங்கள். கிருமிகள் பெரும்பாலும் சாகும். மோர்ப்புரதமும் உருமாறி, பாலின் முக்கிய புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்ளும். யோகட் கெட்டியாவது அதனால்தான். ஆனால் சில பக்டீரியாக்களின் வித்துகள் (சூட்டைத் தாங்கும் உறக்க வடிவம்) பிழைத்துவிடும். அவற்றைக் கொல்ல ஆய்வுகூடத்தில் 121 பாகை வரை சூடாக்குவார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் திறந்த பானையில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் போக அழுத்தம் வேண்டும்.

படி 2: 43 பாகைக்கு ஆறவிட்டு யோகட்டைக் கலக்குங்கள். பால் அதிகச் சூடாக இருந்தால் விதையே செத்துவிடும். அதில் இருப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லக்டோபசிலஸ் பல்காரிக்கஸ் என்ற இரண்டு பக்டீரியாக்கள். முதலாவது ஃபோர்மிக் அமிலம் கொடுக்கும், இரண்டாவது புரதத்தை உடைத்து அமினோ அமிலம் கொடுக்கும். ஒன்றையொன்று வளர்த்துவிடும் ஜோடி இது.

படி 3: பானையையும் 45 பாகை சுடுநீர்ப் போத்தல்களையும் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். அரை மணிக்கொரு தரம் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை எழுதுங்கள்; 40க்குக் கீழே போனால் போத்தலை மாற்றுங்கள். அதே பாலைச் சின்னக் கோப்பைகளில் ஊற்றினால் சீக்கிரமே ஆறிவிடும். பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்காகும், மேற்பரப்போ 4 மடங்குதான். அதனால் பெரிய பானை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தொழிற்சாலைத் தொட்டியில் இதே கணக்கு எதிர்ப்பக்கமாகக் கடிக்கும்: நுண்ணுயிர்கள் வெளிவிடும் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். குளிர்நீர் ஓடும் உறையைச் சுற்றி அமைப்பது அதற்காகத்தான்.

படி 4: 4 முதல் 6 மணி நேரத்தில் பாலின் பிஎச் 6.6இலிருந்து 4.6க்கு இறங்கும். அங்கே கேசின் திரண்டு உறையும். அதுவரை பானையை ஆட்டாதீர்கள். உறைந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். விட்டால் புளித்துக்கொண்டே போகும்.

உறையவில்லையா? முதலில் எழுதிய சூட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், மாட்டுக்கு மடிநோய்க்கு ஊசி போட்டார்களா என்று பால் தந்தவரிடம் கேளுங்கள். பாலில் மிஞ்சிய மருந்து இந்தப் பக்டீரியாக்களையும் கொல்லும். அப்புறம் எவ்வளவு காத்திருந்தாலும் உறையாது, வேறு மாட்டுப் பால்தான் வாங்க வேண்டும்.