ஸ்பேனிங் ட்ரீயில போர்ட் தெரிவு: நாங்கள் விடுற பிழைகள்

நெட்வேர்க் ஸ்விட்சுகளுக்கிடையில ஒண்டுக்கு மேற்பட்ட வழி இருந்தால், தகவல் சுத்திச் சுத்தி வாற லூப் வராமல் ஒரு வழியை மட்டும் விட்டு மற்றதை மறிக்கிறதுதான் ஸ்பேனிங் ட்ரீ (எஸ்டிபி). வெள்ளவத்தையில ஒரு ஒஃபிஸ், மேல்மாடி ஸ்விட்சுதான் ரூட் (மற்ற ஸ்விட்சுகள் வழி பாக்கிற தலைமை ஸ்விட்ச்), அதில இருந்து கீழ் ஸ்விட்சுக்கு ரெண்டு கேபிள். கீழ 10ஆம் போர்ட்டால ஓடுறதை 1ஆம் போர்ட்டுக்கு மாத்தச் சொல்லிச்சினம், லேசான வேலை எண்டு நினைச்சுக் கீழ் ஸ்விட்சில போர்ட் பிரயோரிட்டியை 128ல இருந்து 64 ஆக்கினன், அசையேல்ல, 32 ஆக்கினன், அப்பவும் இல்ல, கடைசியா ரீபூட் கூடப் பண்ணிப் பாத்தன் (வெக்கக்கேடு).

விஷயம் என்னெண்டா, ரூட் போர்ட்டை (ரூட்டுக்குப் போற வழியாத் தெரிவாகிற போர்ட்டை) தெரியேக்க முதல்ல ரூட்டுக்குப் போற மொத்தக் கொஸ்ட் (லிங்க் வேகம் கூடக் கூடக் குறையிற எண்), அது சமனெண்டால் பிபிடியு (ஸ்விட்சுகள் ஒண்டுக்கொண்டு அனுப்புற எஸ்டிபி செய்தி) அனுப்பின ஸ்விட்சின்ர ஐடி, அதுவும் சமனெண்டால் அனுப்பின போர்ட்டின்ர ஐடி (பிரயோரிட்டியும் போர்ட் நம்பரும் சேந்தது), எல்லாத்திலயும் குறைஞ்சதுதான் வெல்லும். சொந்தப் போர்ட் நம்பர் அதுக்கும் பிறகுதான், அந்தளவுக்குப் போறதே அருமை. அங்க மேல் ஸ்விட்சின்ர 2ஆம் போர்ட் எங்கட 10க்கும், 5ஆம் போர்ட் எங்கட 1க்கும் வந்திருந்தது, 2 சின்னனெண்டபடியால் 10 வெண்டிட்டுது. ஒண்டில் மேல போய் 5ஆம் போர்ட்டின்ர பிரயோரிட்டியைக் குறைக்கவேணும், இல்லாட்டிக் கீழ 1ஆம் போர்ட்டின்ர கொஸ்ட்டைக் குறைக்கவேணும், ஏனெண்டால் கொஸ்ட் கூட்டுப்படுறது பிபிடியு வந்து சேருற பக்கத்திலதான்.

அடுத்தது ரூட்டையே கவனிக்காமல் விடுறது. எல்லா ஸ்விட்சிலயும் ஸ்விட்சின்ர பிரயோரிட்டி 32768 எண்டு கிடந்தால் மேக் அட்ரஸ் (பெட்டியோட வாற அடையாள இலக்கம்) குறைஞ்சவர்தான் ராசா, அதாவது ரூட், பெரும்பாலும் அது புறக்கோட்டையில மலிவா வாங்கி மூலையில கொழுவின பழைய பெட்டியாத்தான் இருக்கும். நடு ஸ்விட்சுக்கு 4096 குடுங்கோ, அது விழுந்தால் ரூட்டாகவேண்டிய பக்கத்துணை ஸ்விட்சுக்கு 8192. பிரயோரிட்டி எண்டவுடன பெரிய நம்பரா 61440 போடுற ஆக்களும் இருக்கினம், அது தலைகீழ்.

"நேர் கேபிள் இருக்கு, ஏன் சுத்திப் போகுது" எண்டு கேக்கிறவையள் வேகத்தைப் பாருங்கோ. பழைய கணக்கில 100 எம்பிபிஎஸ்சுக்குக் கொஸ்ட் 19, ஒரு கிக்குக்கு (1000 எம்பிபிஎஸ்) 4, அப்ப ரெண்டு கிக் லிங்க் சேந்தாலும் 8தான், நேர் 100 எம்பிபிஎஸ் கேபிளின்ர 19ஐ விடக் குறைவு. புதுக் கணக்கில ஒரு கிக்குக்கு 20000, ஒரு ஸ்விட்சில பழசும் மற்றதில புதுசும் எண்டால் தெரிவு எல்லாம் கோணல்.

ஆரஞ்சு லைட் எரியுது, போர்ட் பழுதெண்டு கேபிளை மாத்தாதேங்கோ, பெரும்பாலும் அது லூப் வராமல் மறிச்சு நிக்குது. எரிச்சலில எஸ்டிபியையே நிப்பாட்டினால் பிறகு லூப் வந்து ஒஃபிஸ் நெட்வேர்க் முழுக்கப் படுத்திடும்.

கம்பியூட்டர் கொழுவி 30 செக்கன் நிக்கேலாதெண்டு போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் போர்ட்டை உடன திறக்கிற செட்டிங்) போடுறது சரிதான், ஆனா ஸ்விட்சுக்குப் போற போர்ட்டிலயும் சேத்துப் போடுறதுதான் வில்லங்கம். கம்பியூட்டர் போர்ட்டில போர்ட்ஃபாஸ்ட் போட்டால் பிபிடியு கார்ட் (BPDU Guard) எண்ட காவலையும் சேத்துப் போடுங்கோ, ஆரும் மேசைக்குக் கீழ குட்டி ஸ்விட்ச் கொண்டுவந்து கொழுவி, அது பிபிடியு அனுப்பினால் போர்ட் தானாப் பூட்டுப்படும்.