ஏ-லெவலில் மதிப்பெண் குறைந்தவர்கள் லண்டன் சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது செய்யும் தவறுகள்

இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்ற வகை வழக்கறிஞர் ஆக நினைப்பவர் பல்கலைக்கழகத்தில் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும், 18 வயதில் எழுதிய ஏ-லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு அவரை விடாது. லண்டனின் பெரிய நிறுவனங்களில் பல, டிரெய்னிங் காண்ட்ராக்டுக்கு (சொலிசிட்டர் ஆக நிறுவனத்தில் பயிற்சி பெறும் இடம்) ஏ-லெவலில் இரண்டு ஏ, ஒரு பி, அப்புறம் பட்டத்தில் டூ-ஒன் (மேல் இரண்டாம் வகுப்பு) என்று எதிர்பார்க்கின்றன. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் தாங்களே அதை அடைத்துக்கொள்கிறார்கள்.

இருப்பதிலேயே மோசமான தவறு, படிவத்தில் கை வைப்பது. சி-யை பி ஆக்குவது, டி வந்த பாடத்தை எழுதாமல் விடுவது எல்லாம் இதில் சேர்த்தி. வேலை கொடுக்கும் முன் சான்றிதழைக் கேட்பார்கள். மாட்டினால் அந்த வேலையோடு போகாது. சொலிசிட்டராகச் சேர்க்கும் முன் எஸ்ஆர்ஏ என்ற ஒழுங்குமுறை அமைப்பு உங்கள் நேர்மையையும் பார்க்கும். குறைந்த மதிப்பெண் அங்கே ஒரு பிரச்சினையே இல்லை, பொய்தான் பிரச்சினை.

அடுத்தது, படிவத்தில் 'விசேஷ சூழ்நிலை' கேட்கும் பகுதி. நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் இதைக் காலியாகவே விடுகிறார்கள். அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களையும் வீட்டுக் கஷ்டத்தையும் வெளியே சொல்லக்கூடாது என்ற பழக்கம்தான் காரணம். இன்னும் சிலர் பக்கம் பக்கமாக அழுது தீர்க்கிறார்கள். இரண்டும் வேலைக்கு ஆகாது. "பன்னிரண்டாம் ஆண்டின் கடைசியிலிருந்து தேர்வு வரை அம்மாவுக்குச் சிகிச்சை நடந்தது, தம்பியை நான்தான் பார்த்துக்கொண்டேன், பள்ளிக்கும் தெரியும்" என்று நாலு வரி போதும். பள்ளியிலிருந்தோ மருத்துவரிடமிருந்தோ ஒரு கடிதம் இருந்தால் இன்னும் நல்லது. அதே வரிகளோடு பல்கலைக்கழக மதிப்பெண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூழ்நிலை மாறியதும் மதிப்பெண் ஏறியது என்பதுதான் படிப்பவருக்கு வேண்டும். சொல்ல அப்படி எதுவும் இல்லையென்றால் ஒன்றைக் கற்பனை செய்யாதீர்கள்.

பள்ளி பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போவதும் இதே ரகம்தான். 2015 முதல் பல நிறுவனங்கள் மதிப்பெண்ணைப் பள்ளியின் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கின. சி-யும் டி-யும் சராசரியாக இருக்கும் பள்ளியில் மூன்று பி வாங்கியவர் அந்தக் கணக்கில் மேலே நிற்பார். பள்ளியில் இலவச மதிய உணவு பெற்றவரா, குடும்பத்தில் முதல் பட்டதாரியா, அகதியாக வந்தவரா என்றெல்லாம் கேட்பது அதற்காகத்தான். இலங்கையிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இது பொருந்தும். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நிரப்புங்கள்.

ஒரே கடிதத்தை நாற்பது இடங்களுக்கு அனுப்புவதும் வீண். அந்த நேரத்தில் ஆட்சேர்ப்புக் குழுவுக்கு, "என் மதிப்பெண் இது, விண்ணப்பித்தால் பார்ப்பீர்களா?" என்று நேராக ஒரு மின்னஞ்சல் போடலாம். கறாரான வரம்பு இருந்தால் தெரிந்துவிடும், ஒரு மாலைப்பொழுது மிச்சம்.

பழைய மதிப்பெண்ணை மறைக்க எல்எல்எம் என்ற சட்ட முதுகலைப் பட்டம் படிப்பது, என் பார்வையில், ரொம்ப விலை கூடிய தவறு. கடன்தான் ஏறும். படிவத்தில் ஏ-லெவல் கட்டம் அப்படியே இருக்கும்.

லண்டன் சிட்டியின் பெரிய நிறுவனங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதுதான் கடைசித் தவறு. 2021-இல் எஸ்கியூஇ என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்ததிலிருந்து டிரெய்னிங் காண்ட்ராக்ட் கட்டாயம் இல்லை. பட்டமோ அதற்கு இணையான தகுதியோ இருக்க வேண்டும், தேர்வின் இரண்டு பகுதிகளிலும் தேற வேண்டும், இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம். குடிவரவு வழக்குகள் பார்க்கும் சின்ன அலுவலகத்தில் பாரலீகல் (சட்ட உதவியாளர்) வேலை, பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம், வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி தரும் லா சென்டர் எதுவும் கணக்கில் வரலாம். எஸ்ஆர்ஏ தன் பங்குக்கு ஏ-லெவலில் இவ்வளவு வேண்டும் என்று வரம்பு எதுவும் வைக்கவில்லை.

ஆனால் பாரலீகலாகச் சேரும்போதே ஒன்றைக் கேட்டுவையுங்கள்: இந்த அனுபவத்தை உறுதிசெய்து கையெழுத்துப் போடப்போகும் சொலிசிட்டர் யார்? வேலையை விட்டு ஒரு வருடம் கழித்து அவரைத் தேடி அலைவது பெரிய பாடு.