வாடகை வீட்டு ஜன்னல்களில் தவறி விழும் அபாயத்தை மதிப்பிடுவது எப்படி

ஒரு ஜன்னலின் அபாயத்தை எடைபோடும்போது, அதன் வழியாக ஒருவர் விழ எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, விழுந்தால் எவ்வளவு மோசமான காயம் ஏற்படும் என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 2006 முதல் நடைமுறையில் இருக்கும் வீட்டு அபாய மதிப்பீட்டு முறையும் இவ்விரண்டையும் பிரித்தே கணக்கிடுகிறது. இரண்டையும் கலந்துவிட்டால், "முதல் மாடிதானே" என்று நினைத்து, குழந்தை எளிதில் ஏறக்கூடிய ஒரு ஜன்னலை நாம் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

மதிப்பீட்டுக்கு ஓர் அளவு நாடா, ஒரு ஸ்க்ரூடிரைவர், 10 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிய ஓர் அட்டைத்துண்டு ஆகியவை போதும். யாரை மனத்தில் வைத்து அளப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து மிக அதிகம். அந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, எடையும் மேற்பகுதியில்தான் கூடுதல். எனவே ஜன்னல் விளிம்பில் வயிற்றை வைத்து எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புறச் சரிந்துவிடும். இப்போது குடியிருப்பவர்களுக்குக் குழந்தை இல்லை என்பதற்காக வீட்டு உரிமையாளர் இதைத் தள்ளிப்போடக் கூடாது. விருந்தாக வரும் பேரப்பிள்ளையும் அந்த ஜன்னலைத்தான் எட்டிப் பார்க்கும்.

அடுத்து உயரம். தரையிலிருந்து ஜன்னல் திறக்கும் இடத்தின் அடிவிளிம்பு வரை அளந்து, 1.1 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த அளவு பாதி உண்மையைத்தான் சொல்கிறது, ஏனெனில் குழந்தை எப்போதும் தரையில் நின்றுகொண்டிருப்பதில்லை. ஒரு வாடகை வீட்டில் நான் அளந்தபோது அடிவிளிம்பு 1.1 மீட்டருக்குச் சற்று மேலே இருந்ததால், அதைப் பாதுகாப்பானது என்று எழுதவிருந்தேன். ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில் கிடந்தது. மெத்தையின் மேலிருந்து மறுபடி அளந்தபோது வெறும் 55 சென்டிமீட்டர்தான் இருந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது இடுப்பளவுதான். ஆகவே கட்டில், நாற்காலி, அலமாரி, பொம்மைப் பெட்டி என ஜன்னலுக்கு அருகே ஏறி நிற்கக்கூடிய ஒவ்வொன்றின் மேலிருந்தும் தனியாக அளக்க வேண்டும். அறை சிறியதாக இருந்து, கட்டில் போட அந்த ஒரு சுவரைத் தவிர வேறு இடமே இல்லையென்றால், குடியிருப்பவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அந்த ஜன்னலுக்குத் தடுப்பு வேண்டும் என்றே பதிவு செய்ய வேண்டும்.

பிறகு ஜன்னலை முழுமையாகத் திறந்து, அட்டைத்துண்டை இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். அது தாராளமாக உள்ளே போனால் இடைவெளி அதிகம். திறப்பைக் கட்டுப்படுத்தும் கொக்கியோ சங்கிலியோ இருந்தால், ஜன்னலைக் கையால் பலமாகத் தள்ளி அது தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஜன்னல்களில் பொருத்தும் இத்தகைய சாதனம், திறப்பை 12.5 சென்டிமீட்டருக்குள் நிறுத்துவதோடு 250 நியூட்டன் விசையையும், அதாவது ஏறக்குறைய 25 கிலோ எடையின் அழுத்தத்தையும், தாங்கியாக வேண்டும். மேலே சொன்ன அதே வீட்டின் சமையலறை ஜன்னலில் பளபளப்பான புதுக் கொக்கி ஒன்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியவுடன் அதன் திருகாணி மரத்தூளோடு கழன்று வந்தது, ஏனென்றால் ஜன்னலின் மரச்சட்டம் உள்ளே உளுத்துப்போயிருந்தது. கொக்கியைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், அது பதிந்திருக்கும் இடத்தையும் சோதியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கொசுவலையை ஒருபோதும் தடுப்பாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூச்சிகளைத் தடுக்கச் செய்த அந்த வலை, சாயும் குழந்தையின் எடையில் சட்டத்தோடு பெயர்ந்துவிடும். போதாக்குறைக்கு, வலை இருக்கிறது என்ற நம்பிக்கையில் பெரியவர்கள் ஜன்னலைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள்.

கம்பித் தடுப்பு வலுவானது, ஆனால் தீ விபத்தின்போது அந்த ஜன்னல்தான் வெளியேறும் ஒரே வழி என்றால் அதுவே ஆளைச் சிறைவைத்துவிடும். நியூயார்க் நகரில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடத்தில், 10 வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தை வசிக்கும் வீட்டின் ஜன்னல்களுக்கு உரிமையாளர் தடுப்புப் பொருத்த வேண்டும். தீ விபத்தில் தப்பி இறங்குவதற்கான படிக்கட்டுக்குத் திறக்கும் ஜன்னலுக்கு விலக்கு உண்டு. வெளியேறும் வழியாகப் பயன்படும் ஜன்னலில், பெரியவரால் சாவி தேடாமல் விடுவிக்க முடிகிற, சிறு குழந்தையால் விடுவிக்க முடியாத சாதனமே பொருத்தமானது.

இனி வெளியே சென்று மேலே பாருங்கள். சரிவான நிலத்தில் கட்டிய வீட்டில், முன்பக்கம் தரைத்தளமாக இருப்பது பின்பக்கம் ஒரு மாடி உயரமாக இருக்கலாம். அடியில் இருப்பது புல்தரையா, கான்கிரீட்டா, கூர்முனை வேலியா என்பதைப் பொறுத்து காயத்தின் கடுமை வெகுவாக மாறும் என்பதால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தாழ்வாகப் பதித்த பெரிய கண்ணாடி இருந்தால் அது பாதுகாப்புக் கண்ணாடியா என்று மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். வெளிப்புறமாகத் திறக்கும் ஜன்னல் கதவின் கைப்பிடியை இழுக்கப் பெரியவர் உடலை வெளியே நீட்ட வேண்டியிருந்தால், அதுவும் குறைதான்.

கண்டவற்றை அறைவாரியாக, அளவு, புகைப்படம், தேதி ஆகியவற்றோடு எழுதி உரிமையாளருக்கு அனுப்பி, ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சட்டத்தில் துளையிட வேண்டிய எதையும் அவரது எழுத்துபூர்வமான சம்மதத்தோடு செய்வது இருவருக்கும் நல்லது. பழுது நீக்கும் ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உண்டு. ஜன்னலை ஒட்டிய கட்டிலையும் நாற்காலியையும் இன்றே நகர்த்துங்கள், குழந்தை இருக்கும் அறையில் மேற்பகுதியை மட்டும் திறக்க முடிந்தால் அதை மட்டும் திறங்கள், மற்றவற்றைத் தாழிட்டு வையுங்கள். குடியிருப்பவர் மாறும்போதும், வீட்டுக்கு வண்ணம் பூசிய பிறகும், ஜன்னலைப் பழுது பார்த்த பிறகும் மறுபடி அளக்க வேண்டும், ஏனெனில் வண்ணம் பூசுபவர் வேலைக்காகக் கழற்றிய கொக்கி பெரும்பாலும் ஏதோ ஒரு மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகிறது.